சர்வர் மாற்றியபின் தமிழ் மட்டும் சிதைவது ஏன்? பன்மொழித் தளத்தின் அமைவுப் பிழைகளைக் கண்டறிந்து திருத்தும் முறை

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் பல ஆண்டுகளாக இயங்கிய ஒரு தளம், பிஎச்பி நிரல், மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஆகியவற்றோடு புதிய சர்வருக்கு மாற்றப்பட்டது. மாற்றத்துக்குப் பிறகு பிரெஞ்சுப் பகுதி ஒன்றும் தொடங்கப்பட்டது. இப்போது பழைய தமிழ்க் கட்டுரைகள் புரியாத லத்தீன் குறிகளாகத் தெரிகின்றன. புதிதாக எழுதிய தமிழ்க் கட்டுரைகளில் வெறும் கேள்விக்குறிகளே இருக்கின்றன. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் குறையே இல்லை. அதோடு, தமிழைத் தேர்ந்தெடுத்தவர் அடுத்த பக்கத்துக்குச் சென்றால் ஆங்கிலம் வந்துவிடுகிறது. தமிழ்ப் பெயர் கொண்ட சில படங்களும் பக்கங்களும் ‘கிடைக்கவில்லை’ என்னும் 404 பிழையைக் காட்டுகின்றன. எங்கிருந்து திருத்தத் தொடங்குவது என்பதே கேள்வி.

திருத்துவதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். தளத்தில் புதிதாக எதையும் எழுதவோ திருத்தவோ முடியாதபடி நிறுத்தி வையுங்கள். பிறகு தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, அதன் கோப்புகளை இருந்தபடியே பைட் மாறாமல் நகலெடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். வழக்கமான ஏற்றுமதிக் கட்டளையால் எடுக்கும் காப்புநகல் மட்டும் இங்கே போதாது. அந்தக் கட்டளையும் தனக்கென ஒரு குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் விதியை, வைத்துக்கொண்டு தரவை மாற்றியே எழுதும் என்பதால், காப்புநகலே சிதைந்திருக்க வாய்ப்புண்டு. நான் பார்த்தவரை, இத்தகைய சிக்கல்களில் மீட்கவே முடியாத சேதம் சர்வரை மாற்றும்போது நேர்வதைவிட, மாற்றியபின் அவசரமாகச் சரிசெய்ய முயலும்போதுதான் அதிகம் நேர்கிறது.

ஒரு தமிழ் எழுத்து தரவுத்தள அட்டவணையிலிருந்து வாசகரின் கண்ணுக்கு வந்து சேரும்வரை பல கைகள் மாறுகிறது. அட்டவணையின் நெடுவரிசை, தரவுத்தளத்துக்கும் நிரலுக்கும் இடையிலான இணைப்பு, நிரல், இணைய சர்வர், பக்கங்களின் நகலைச் சேமித்துத் தரும் நடுவிலுள்ள கேஷ், கடைசியாக உலாவி. ஒவ்வோர் இடத்திலும் பைட்டுகள்தான் கைமாறுகின்றன. அவற்றை எந்தக் குறியாக்கத்தில் படிக்க வேண்டும் என்பது ஒன்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருக்கும், அல்லது அந்த இடம் தானாகவே ஊகித்துக்கொள்ளும். ஊகம் தவறிய முதல் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே திருத்த வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள ஏதோ ஓரிடத்தில் எதிர்ப்பிழை ஒன்றைச் செய்து வெளித்தோற்றத்தைச் சரிப்படுத்தக் கூடாது. உங்கள் பழைய சர்வர் இத்தனை ஆண்டுகள் ஒழுங்காக இயங்கியதே இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்ததால்தான் என்று நினைக்கிறேன். அதற்கான தடயங்கள் கேள்வியிலேயே இருக்கின்றன.

சிதைவின் தோற்றமே பாதி விடையைச் சொல்லிவிடும். ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துகளை எழுதும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்த் தொகுதியின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் இடம் எடுக்கும். அவற்றில் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் குறிக்குக் குறி மாறும். எடுத்துக்காட்டாக, ‘க’ என்பது 224, 174, 149. இந்தப் பைட்டுகளை, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கங்களான லத்தீன்-1 என்றோ விண்டோஸ்-1252 என்றோ எண்ணிப் படித்தால், மேலே சாய்கோடு இட்ட சிறிய லத்தீன் ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுதிய வணிகப் பதிவுக் குறியும் திரும்பத் திரும்ப வரும். பக்கம் முழுவதும் இந்த இணை தெரிந்தால், தமிழ்ப் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிப்பவர்தான் தவறாகப் படிக்கிறார் என்று பொருள், இதை மீட்டுவிடலாம். கேள்விக்குறி வந்தால் நிலைமை வேறு. தமிழ் எழுத்துக்கே இடமில்லாத ஒரு குறியாக்கத்துக்கு உரையை மாற்ற முயன்று, முடியாமல் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டார்கள். அது தரவுத்தளத்துக்குள்ளேயே நேர்ந்திருந்தால் மூல எழுத்து அங்கே இல்லை. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், யுடிஎஃப்-8 என்று அறிவித்த இடத்தில் யுடிஎஃப்-8 விதிக்குப் பொருந்தாத பைட்டுகள் வந்திருக்கின்றன. வெற்றுக் கட்டங்கள் மட்டும் தெரிந்தால் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்; சர்வரை அதற்காகத் தொட வேண்டாம்.

இனி உங்கள் தளத்தின் பட்டியில் (மெனுவில்) உள்ள பெயர்களைப் பாருங்கள். முகப்பில் வார்ப்புருக் கோப்புகளிலேயே எழுதப்பட்ட தமிழ்ச் சொற்கள் ஒழுங்காகத் தெரிந்து, தரவுத்தளத்திலிருந்து வரும் கட்டுரைகள் மட்டும் சிதைந்திருந்தால், பக்கத்துக்கு முன்னால் இணைய சர்வர் அனுப்பும் தகவல் வரிகளான ஹெடரில் குற்றமில்லை. பட்டியும் சேர்ந்து சிதைந்திருந்தால் ஹெடரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உலாவியை நம்பாமல், கர்ல் என்னும் கட்டளைவரிக் கருவியால் ஹெடரை மட்டும் வரவழைத்து, உள்ளடக்க வகையைச் சொல்லும் வரியில் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா குறிச்சொல்லில் யுடிஎஃப்-8 என்று எழுதியிருக்கிறோமே என்று பலர் கேட்பார்கள். சர்வர் அனுப்பும் ஹெடரில் வேறொரு குறியாக்கம் இருந்தால் உலாவி ஹெடருக்கே முன்னுரிமை தரும். மெட்டா குறிச்சொல் ஹெடர் மௌனமாக இருக்கும்போதுதான் பேசும், அதுவும் பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இருந்தாக வேண்டும். அப்பாச்சி என்னும் இணைய சர்வர் மென்பொருளில் இயல்பான குறியாக்கத்தை அறிவிக்கும் கட்டளை பழைய அமைவுக் கோப்புகளோடு சேர்ந்து ஐஎஸ்ஓ-8859-1, அதாவது லத்தீன்-1, என்றே வந்துவிடுவதுண்டு. மற்றொரு சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில் அதற்கென்று ஒற்றை வரிக் கட்டளை இருக்கிறது. பிஎச்பியிலோ 2014-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து இயல்பு யுடிஎஃப்-8-தான், ஆனால் பழைய அமைவுக் கோப்பை அப்படியே நகலெடுத்திருந்தால் பழைய மதிப்பும் கூடவே வந்திருக்கும். மூன்று இடங்களிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும்.

உங்கள் தளத்தில் பட்டி சரியாக இருக்குமென்றே எதிர்பார்க்கிறேன். பிழை தரவுத்தள இணைப்பில் இருக்கிறது. அதை ஊகத்தில் விடாமல் எண்களால் உறுதிப்படுத்தலாம். ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என அதில் ஐந்து ஒருங்குறிக் குறிகள். யுடிஎஃப்-8-இல் 15 பைட். மைஎஸ்கியூஎல்லில் ஓர் உரையின் எழுத்து எண்ணிக்கையைத் தரும் சார்பு ஒன்றும், பைட் எண்ணிக்கையைத் தரும் சார்பு ஒன்றும் உள்ளன. இந்தச் சொல் மட்டும் தலைப்பாக இருக்கும் ஒரு பதிவை எடுத்து இரண்டையும் கேளுங்கள். எழுத்து 5, பைட் 15 என்றால் தரவு நலமாக இருக்கிறது. எழுத்து 15, பைட் 15 என்றால், யுடிஎஃப்-8 பைட்டுகள் லத்தீன்-1 என்ற பெயர் தாங்கிய நெடுவரிசையில் படுத்திருக்கின்றன. பைட்டுகள் சரி, பெயர்ப்பலகைதான் தவறு. எழுத்து 15, பைட் 30 என்றால் யாரோ ஒருமுறை ‘சரிசெய்து’ இரட்டைக் குறியாக்கம் ஆக்கிவிட்டார்கள். எழுத்து 5, பைட் 5 என்றால் அவை ஐந்து கேள்விக்குறிகள்.

பழைய பதிவுகளில் 15-15, புதிய தமிழ்ப் பதிவுகளில் 5-5 என்று வந்தால் நடந்தது இதுதான். மைஎஸ்கியூஎல் 8.0 வருவதற்கு முன் அதன் இயல்பான குறியாக்கம் லத்தீன்-1. பழைய தளத்தில் அட்டவணையும் லத்தீன்-1, இணைப்பும் லத்தீன்-1. நிரலோ யுடிஎஃப்-8 பைட்டுகளை அனுப்பியது. தரவுத்தளம் அவற்றை லத்தீன் எழுத்துகளாக எண்ணி வாங்கி, கேட்டபோது அப்படியே திருப்பித் தந்தது. போகும்போது ஒரு தவறு, வரும்போது அதே தவறு; வாசகருக்குத் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. புதிய சர்வரில் இணைப்பு யுடிஎஃப்8எம்பி4, அதாவது மைஎஸ்கியூஎல்லின் முழுமையான யுடிஎஃப்-8, ஆகிவிட்டது. இப்போது தரவுத்தளம் நேர்மையாக, லத்தீன்-1 என்று தான் நம்பும் பதினைந்து எழுத்துகளை யுடிஎஃப்-8-க்கு மாற்றித் தருகிறது. அதுதான் நீங்கள் காணும் குப்பை. புதிதாக எழுதும் தமிழை லத்தீன்-1 நெடுவரிசைக்குள் மாற்றி வைக்கப் பார்க்கிறது. அதில் தமிழுக்கு இடமில்லாததால் கேள்விக்குறிகள் விழுகின்றன. பிரெஞ்சு எழுத்துகளுக்கு லத்தீன்-1-இல் இடமிருக்கிறது, பிரெஞ்சுப் பகுதி முழுவதும் மாற்றத்துக்குப் பின்னரே எழுதப்பட்டது. ஆகவே அது பிழையில்லாமல் இருக்கிறது. பிரெஞ்சு ஒழுங்காக இருப்பதைக் கண்டு தரவுத்தளத்தின் மீது ஐயம் கொள்ளாமல் விட்டுவிடுவது எளிது. உண்மையில் தரவுத்தளத்தை நோக்கிக் கைகாட்டும் தடயமே அதுதான்.

இந்த நிலையில், நெடுவரிசையை யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றும் கட்டளையை நேரடியாக இட்டுவிடாதீர்கள். தரவுத்தளம் தான் நம்பும் லத்தீன் எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றி எழுதி, 15-15 என்றிருந்ததை 15-30 ஆக்கிவிடும். சரியான வழி, உரை வகை நெடுவரிசையை முதலில் வெறும் பைட் வகைக்கு மாற்றி, அதன் பிறகு யுடிஎஃப்8எம்பி4 உரை வகைக்கு மாற்றுவது. பைட் வகைக்குக் குறியாக்கம் என்ற ஒன்றே இல்லாததால் இடையில் எந்த மாற்றமும் நேராது. பெயர்ப்பலகை மட்டும் மாறும். ஏற்கெனவே 15-30 ஆகிவிட்ட பதிவுகளுக்கு இதன் தலைகீழ்: உரையை லத்தீன்-1-க்கு மாற்றி, கிடைத்த பைட்டுகளை வெறும் பைட்டுகளாக எடுத்து, யுடிஎஃப்-8 என்று படிக்கச் செய்ய வேண்டும்.

ஆனால் உங்கள் அட்டவணையில் இதை மொத்தமாகச் செய்ய முடியாது, பிரெஞ்சுப் பதிவுகள் குறுக்கே நிற்கின்றன. அவை உண்மையான லத்தீன்-1 பதிவுகள். மேற்குறியிட்ட எழுத்து ஒவ்வொன்றும் ஒரே பைட். அவற்றைப் பைட் வகை வழியாகக் கொண்டுபோனால் யுடிஎஃப்-8 விதிக்குப் பொருந்தாமல், கட்டளை பிழை காட்டி நிற்கும். பொருந்தாத தரவை ஏற்காமல் பிழை காட்டச் செய்யும் கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்தால் பிழையும் காட்டாமல் உரை சிதைந்துபோகும். நான் பொறுப்பேற்றிருந்த ஒரு கட்டுரைத் தொகுப்பில் இப்படிக் கலந்து கிடந்த பதிவுகளைக் கவனிக்காமல் ஒரே கட்டளையில் மாற்றினேன். பழையவை மீண்டன, நன்றாக இருந்த புதியவை கெட்டன. காப்புநகல் இருந்ததால் இரண்டு நாள் உழைப்போடு தப்பித்தோம். அன்றிலிருந்து பதிவு பதிவாகப் பிரித்தே செய்கிறேன். ஒவ்வொரு பதிவின் பைட்டுகளையும் ஒரு சிறு நிரலால் எடுத்து, அவை முழுவதும் முறையான யுடிஎஃப்-8-ஆக இருக்கின்றனவா என்று சோதியுங்கள். 127-க்கு மேற்பட்ட பைட்டுகள் இருந்தும் முறையான யுடிஎஃப்-8 என்றால் அது பழைய தமிழ்ப் பதிவு; பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுங்கள். முறையற்றது என்றால் அது உண்மையான லத்தீன்-1. சாதாரண மாற்றத்தைச் செய்யுங்கள். லத்தீன்-1-இல் எழுதிய இயல்பான பிரெஞ்சு வாக்கியம் தற்செயலாக முறையான யுடிஎஃப்-8-ஆக அமைவது மிக அரிது, ஆகவே இந்தச் சோதனையை நம்பலாம். புதிய நெடுவரிசை ஒன்றை உருவாக்கி அதில் எழுதுங்கள். பழையதைச் சில வாரங்களாவது அழிக்காமல் வையுங்கள்.

இந்த மீட்பைத் தரவுத்தளத்துக்கு வெளியே, ஏற்றுமதி செய்த கோப்பின் மீது செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. தமிழுக்கு இது மிகவும் பொருந்தும். விண்டோஸ்-1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து பைட்டுகளுக்கு எந்த எழுத்தும் ஒதுக்கப்படவில்லை. தமிழில் உகரக் குறியின் கடைசிப் பைட் 129, புள்ளியின் கடைசிப் பைட் 141, ‘ஏ’ 143, ‘ஐ’ 144. மைஎஸ்கியூஎல் தன்னுடைய லத்தீன்-1-இல் இந்த ஐந்து இடங்களுக்கும் ஏதோ ஒரு குறியைப் பொருத்தி வைத்திருப்பதால், அதற்குள்ளேயே செய்யும் மாற்றத்தில் எதுவும் தொலைவதில்லை. வெளியிலுள்ள கருவிகளோ விண்டோஸ்-1252-ஐக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் அந்தப் பைட்டுகளைத் தூக்கி எறிந்துவிடும் அல்லது கேள்விக்குறி ஆக்கிவிடும். மீட்ட உரையில் மற்ற எழுத்துகள் எல்லாம் ஒழுங்காக இருந்து, மெய்யெழுத்துகளின் புள்ளியும் உகரமும் மட்டும் காணாமல் போயிருந்தால் காரணம் இதுவே. புள்ளி போன தமிழைப் பின்னால் எவராலும் தானியங்கு முறையில் சரிசெய்ய முடியாது. எனவே மாற்றியபின் புள்ளி, உகரம், ஏ, ஐ ஆகிய நான்கும் வரும் வாக்கியம் ஒன்றை வைத்துச் சோதியுங்கள். ‘ஏன் ஐந்து பூக்கள் குறைந்தன’ என்பதுபோல எதுவாக இருந்தாலும் போதும்.

கேள்விக்குறியாகிப்போன புதிய கட்டுரைகளுக்குத் தரவுத்தளத்தில் மருந்தில்லை. எழுதியவரிடம் மூலப்படி கேளுங்கள். செய்தியோடை, மின்னஞ்சல் அறிவிப்பு, கேஷ் ஆகியவற்றில் படி கிடைக்கிறதா என்றும் பாருங்கள். தரவுத்தளத்தில் சேர்வதற்கு முன்னரே கிளம்பிய படிகளில் தமிழ் உயிரோடு இருக்கக்கூடும். இவ்வளவு நாள் கேள்விக்குறிகள் சத்தமில்லாமல் சேர்ந்ததிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: மைஎஸ்கியூஎல்லில் 5.7 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்கும் கண்டிப்பு முறையை உங்கள் சர்வரில் யாரோ அணைத்திருக்கிறார்கள். அது இயங்கியிருந்தால் முதல் தமிழ்க் கட்டுரையைச் சேமிக்கும்போதே பிழைச் செய்தி வந்திருக்கும். பழைய நிரல் ஒன்று அடம்பிடிக்கிறது என்பதற்காக இந்த முறையை அணைப்பது பரவலான பழக்கம். அதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

எல்லாம் மாறியபின் அட்டவணை, நெடுவரிசை, இணைப்பு ஆகிய மூன்றிலும் யுடிஎஃப்8எம்பி4 என்றே இருக்கட்டும். மைஎஸ்கியூஎல்லில் வெறும் யுடிஎஃப்8 என்ற பெயர் மூன்று பைட் வரைக்கும்தான் கொள்ளும். தமிழ்த் தொகுதியின் எழுத்துகள் மூன்று பைட்டுக்குள் அடங்குவதால் ‘தமிழ் வருகிறதே’ என்று விட்டுவிடுவார்கள். பிறகு வாசகர் ஒருவர் முகக்குறி ஒன்றைச் சேர்த்ததும் கருத்து பாதியில் அறுந்துவிடும். ஒருங்குறியில் 2014-இல் சேர்ந்த கிரந்தத் தொகுதிக்கும், 2019-இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்கு பைட் வேண்டும். மாற்றும்போது சுட்டுவரிசையின் (இண்டெக்ஸின்) நீளம் மிகுந்துவிட்டது என்று பிழை வந்தால், அது அட்டவணையின் பதிவுகளைச் சேமிக்கும் பழைய வரிசை அமைப்பின் 767 பைட் வரம்பு. எழுத்துக்கு நான்கு பைட் என்று கணக்கிட்டால் 191 எழுத்துக்கு மேல் அதில் அடங்காது. நெடுவரிசையைக் குறுக்காமல், அட்டவணையின் வரிசை அமைப்பை டைனமிக் என்று மாற்றுங்கள். வரம்பு 3072 பைட் ஆகிவிடும்.

அடுத்தது, தேர்ந்தெடுத்த மொழி நிலைக்காத சிக்கல். இதற்கு இரண்டு காரணங்களைச் சோதிப்பேன். ஒன்று, மொழிபெயர்ப்புக் கோப்பின் தொடக்கத்தில் ஒளிந்திருக்கும் பைட் வரிசைக் குறி. 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் அவை. பழைய விண்டோஸ் நோட்பேடில் யுடிஎஃப்-8 என்று சேமித்தால் தானாகவே சேர்ந்துகொள்ளும். பிஎச்பி கோப்பில் அது இருந்தால், நிரல் தொடங்குவதற்கு முன்பே மூன்று பைட் உலாவிக்குப் போய்விடும். அதன் பிறகு, உலாவி நினைவில் வைக்கும் சிறு குறிப்பான குக்கியையோ வேறு முகவரிக்கு அனுப்பும் வழிமாற்றையோ அனுப்ப முடியாது. மொழியைக் குக்கியில் எழுதும் வரி தோற்றுவிடுவதால் அடுத்த பக்கத்தில் ஆங்கிலம் வருகிறது. பழைய சர்வரில் ஏன் வரவில்லை என்றால், அங்கே வெளியீட்டைத் தேக்கி வைக்கும் அமைவு இயங்கியிருக்கும். பிஎச்பியோடு வரும் மாதிரி அமைவுக் கோப்பில் அது 4096 என்று இருக்கும். அமைவுக் கோப்பே இல்லாமல் பிஎச்பியை நிறுவினால் அது அணைந்தே இருக்கும். தேக்கத்தை மீண்டும் இயக்கினால் அறிகுறி மறையும், ஆனால் குறியைக் கோப்பிலிருந்து நீக்குவதுதான் திருத்தம். பதினாறு அடிமான (ஹெக்ஸ்) எண்முறையில் கோப்பைக் காட்டும் கருவியால் எல்லா மொழிக் கோப்புகளின் முதல் மூன்று பைட்டுகளையும் பாருங்கள். ஜேசன் வடிவ மொழிக் கோப்புகளிலும் இதே குறி, கோப்பு முழுவதையுமே படிக்க முடியாமல் செய்துவிடும்.

இரண்டாவது காரணம் கேஷ். ஒரே முகவரியில் குக்கியைப் பொறுத்து வெவ்வேறு மொழி காட்டும் தளத்துக்கு முன்னால் கேஷ் வைத்தால், முதலில் வந்தவரின் மொழியே எல்லாருக்கும் போகும். குக்கியை அமைக்கும் பதில்களை என்ஜின்எக்ஸ் தானாகச் சேமிக்காது; ஆனால் கேஷ் வேலை செய்யவில்லை என்று கருதி, குக்கி ஹெடரைப் பொருட்படுத்தாதே என்று அமைவில் எழுதிவிடுவார்கள். அந்த வரி உங்கள் அமைவில் இருக்கிறதா என்று தேடுங்கள். நிலையான தீர்வாக, மொழியை முகவரியின் பகுதியாக்கிவிடுவதையே பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி இருந்தால் கேஷ் குழம்பாது. பகிரும் இணைப்பு அதே மொழியில் திறக்கும். தேடுபொறியும் எல்லா மொழிகளையும் காணும். கூகுளுக்காகப் பக்கங்களைப் படித்துச் செல்லும் தானியங்கி நிரல், உலாவிகள் அனுப்பும் மொழி விருப்ப ஹெடரைப் பொதுவாக அனுப்புவதே இல்லை. ஹெடரை மட்டும் நம்பி மொழி மாற்றும் தளத்தில் அது ஒரு மொழியை மட்டுமே பார்த்துவிட்டுப் போய்விடும்.

முகப்புப் பக்கத்தில் மட்டும் உலாவியின் விருப்பத்தைக் கேட்டு அனுப்பலாம். அங்கே தற்காலிக வழிமாற்றான 302-ஐப் பயன்படுத்துங்கள். மொழி விருப்பத்தைப் பொறுத்துப் பதில் மாறும் என்பதை வேரி ஹெடரில் அறிவியுங்கள். விருப்ப ஹெடரில் மொழிக் குறியோடு நாட்டுக் குறியும் ஒட்டி வரும் என்பதையும் மறக்கக் கூடாது. ‘டி, ஏ’ என்ற இரண்டெழுத்துக்கு அப்படியே சமமாக இருக்கிறதா என்று ஒப்பிடும் நிரல், நாட்டுக் குறி சேர்ந்த தமிழைத் தமிழ் அல்ல என்று முடிவுகட்டி ஆங்கிலத்துக்கு அனுப்பிவிடும். 2006-இல் வெளியான ஆர்எஃப்சி 4647 என்னும் இணையத் தர ஆவணம், வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு பகுதியாக உதிர்த்துக்கொண்டே ஒப்பிடும் முறையை வகுத்திருக்கிறது, அதைப் பின்பற்றுங்கள்.

404 காட்டும் தமிழ் முகவரிகளுக்கு வருவோம். முகவரியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். பைட் ஒவ்வொன்றும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்து. ஆக ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 45 எழுத்து. வேர்ட்பிரஸ் என்னும் தள மென்பொருளில் பதிவின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துதான் இடம், அதுவும் இப்படி விரித்த வடிவிலேயே சேமிக்கப்படுவதால் இருபத்திரண்டு குறிக்கு மேல் கொள்ளாது. நீண்ட தமிழ்த் தலைப்புகள் முகவரியில் பாதியில் நிற்பது இதனால்தான். குறுகிய முகவரிப் பெயரைக் கையால் கொடுத்துவிடுவது நல்லது. அமைவுக் கோப்பில் விதி எழுதும்போது, என்ஜின்எக்ஸும் அப்பாச்சியும் விழுக்காட்டுக் குறியீட்டைப் பிரித்த பிறகே ஒப்பிடுகின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒப்பீட்டு வரியில் தமிழையே யுடிஎஃப்-8-இல் எழுத வேண்டும். அப்பாச்சியில் வழிமாற்றின் இலக்கில் விழுக்காட்டுக் குறியீட்டை எழுதினால், அது மறுபடியும் குறியாக்கம் பெற்று, ஒவ்வொரு விழுக்காட்டுக் குறிக்குப் பின்னும் 25 என்ற எண் சேர்ந்துவிடும். பதிவுக் கோப்பில் இந்த 25 தென்பட்டால் இரட்டைக் குறியாக்கம் என்று உடனே முடிவுசெய்யலாம். ஆள்களப் பெயரே தமிழில் இருந்தால் மட்டும் மரபு வேறு: அமைவில், ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட அதன் பியூனிகோட் வடிவத்தையே எழுத வேண்டும்.

படங்கள் மட்டும் 404 காட்டினால் கோப்புப் பெயரின் உள்ளமைப்பை ஐயப்படுங்கள். ‘கோ’ என்பதை க, ஓகாரக் குறி என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். க, ஏகாரக் குறி, கால் என்று மூன்று குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸ் கோப்பு முறை பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுவதால் அதற்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். மேக் கணினிகளில் முன்பு இயல்பாக இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். அங்கிருந்து நகலெடுத்து ஏற்றிய படங்களில் ஒகர, ஓகார, ஔகாரம் உள்ள பெயர்கள் மட்டும் கிடைக்காமல் போகும், மற்றவை கிடைக்கும். இந்த ஒழுங்கைக் கவனித்தாலே காரணம் பிடிபட்டுவிடும். கான்வ்எம்வி என்ற கருவி பெயர்களை எல்லாம் சேர்த்த வடிவுக்கு மாற்றித் தரும். புதிதாக ஏறும் கோப்புகளை நிரலிலேயே சேர்த்த வடிவுக்கு இயல்பாக்கிவிடுங்கள். அதற்குப் பிஎச்பியின் இன்டில் நீட்சி வேண்டும். புதிய சர்வரில் அது நிறுவப்படாமல் இருப்பது, சர்வரின் உட்பிழையைக் குறிக்கும் 500 பிழைக்கு ஒரு வழக்கமான காரணம்.

இன்னும் இரண்டு இடங்களைச் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். கெட்டெக்ஸ்ட் என்னும் மொழிபெயர்ப்புக் கருவியின் முறையில் மொழிபெயர்ப்பு இயங்கினால், தமிழுக்கான மொழி அமைவு (லொகேல்) சர்வரின் இயங்குதளத்திலேயே நிறுவப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பிழையே காட்டாமல் ஆங்கிலம் வரும். மொழிக் கோப்பை மாற்றியபின் பிஎச்பி சேவையை மறுதொடக்கம் செய்யாவிட்டால் பழைய சொற்களே தொடரும். லொகேல் பெயரில் அடிக்கோடு வரும், பக்கத்தின் மொழிக் குறியிலும் மாற்றுமொழி இணைப்புகளிலும் இணைகோடு வரும். ஒரே மாறியை இரண்டு இடத்திலும் பயன்படுத்தினால் தேடுபொறி அந்த இணைப்புகளைப் புறக்கணித்துவிடும். மற்றொன்று, கட்டுரைச் சுருக்கங்களின் கடைசியில் மட்டும் கறுப்பு வைரம் தெரிவது. பழைய சர்வரில் சாதாரண உரைச் சார்புகளை, பைட்டை எண்ணாமல் எழுத்தை எண்ணும் பல்பைட் சார்புகளாக மாற்றிவைக்கும் அமைவு ஒன்று இருந்திருக்கலாம். அது பிஎச்பி 7.2-இல் கைவிடப்பட்டு, 8.0-இல் நீக்கப்பட்டது. இப்போது உரையை எழுத்தெண்ணி வெட்டாமல் பைட் எண்ணி வெட்டுவதால் தமிழ் எழுத்து நடுவில் பிளக்கிறது. இதை அமைவால் திருத்த வழியில்லை. வெட்டும் இடங்களிலெல்லாம் பல்பைட் சார்பை எழுத வேண்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அமைவுக் கோப்பைச் சோதிக்கும் கட்டளையை இட்டு, பிழையில்லை என்று வந்த பிறகே சேவையை மீளேற்றுங்கள். சோதனைக் காலம் முடியும்வரை நிரந்தர வழிமாற்றான 301 எதையும் எழுத வேண்டாம். உலாவி அதை நினைவில் வைத்துக்கொள்வதால், சர்வரில் திருத்திய பின்னும் உங்களுக்கு மட்டும் பழைய பிழை தெரிந்துகொண்டிருக்கும். முதலில் அட்டவணை, பிறகு இணைப்பு, பிறகு ஹெடர், அதன் பிறகு மொழிக் கோப்புகளும் கேஷும், கடைசியாக முகவரிகள் என்ற வரிசையில் செய்யுங்கள். மீட்ட கட்டுரைகள் சிலவற்றின் எழுத்து எண்ணிக்கையையும் பைட் எண்ணிக்கையையும் திரும்பக் கேட்டு, ‘தமிழ்’ 5-15 என்று வந்த பிறகே எழுதுவதற்கான தடையை நீக்குங்கள்.